ஆட்டுக்குத் தண்ணி தெளிச்சாச்சா?

மூன்று வருடத்துக்கு முந்தைய நவம்பர் மாதம். அந்த மாதத்தில் கேமரன் மலையில் வெயிலைப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், ரிங்லெட்டைத் தாண்டி மேட்டில் இருக்கும் ஒரு சின்ன மாதா கோயிலில், என் வாழ்க்கையிலேயே அதிகமாகப் பயந்துபோய் நின்றேன்.

நான் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லோரி ஓட்டுகிறவன். பிரேக் பிடிக்காத லோரியை மண்மேட்டில் மோதி நிறுத்தியிருக்கிறேன். வண்டிக்கு அடியில் சுருண்டு கிடந்த மலைப்பாம்பைப் பழைய டியூப் என்று நினைத்துக் கையால் இழுத்திருக்கிறேன். அப்போதெல்லாம் இந்தப் பயம் வரவில்லை. அன்றைக்கு என்னை நடுங்க வைத்தது சுவரில் மாட்டியிருந்த ஒரு படம். அதற்குப் பக்கத்தில் ரோத்தான் பிரம்போடு நின்ற ஒரு டீச்சர்.

அங்கே எப்படிப் போய் மாட்டினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். தானா ராத்தாவில் ஒரு கிளினிக்கில் வேலை பார்க்கும் என் மகள், அதே ஊரில் எலெக்ட்ரிக் வேலை செய்யும் ஒரு பையனை விரும்பினாள். நல்ல பையன். முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்றைக்கே, நான் 'நாளைக்குப் பாக்குறேன், நாளைக்குப் பாக்குறேன்' என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த குளியலறை சுவிட்சைக் கழற்றிச் சரிசெய்துவிட்டுப் போனான். என் மனைவி அந்த நிமிடமே கல்யாணத்தை முடித்துவிட்டாள், மனசுக்குள்.

ஒரே ஒரு சிக்கல். அவர்கள் கத்தோலிக்கர்கள். நாங்கள் முனியாண்டி கும்பிடுகிறவர்கள். சும்மா கும்பிடுகிறதோடு நிற்கவில்லை. தோட்டத்துக் கோயில் திருவிழாவில் கெடா வெட்டும்போது ஆட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதே நான்தான். பையனுக்கு அப்பா இல்லை. அம்மா தமிழ்ப்பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் பிள்ளைகளுக்கு வேதபாடம் நடத்துகிறார். ஒரே பிள்ளையை ஒற்றை ஆளாக வளர்த்தவர். பாடம் முடிந்ததும் அங்கேயே வாருங்கள், பேசலாம் என்று எங்களுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்.

"அப்பா, அவங்க இன்னும் சரின்னு ஒரு வார்த்த சொல்லல. உங்களப் பாத்துப் பேசிட்டுத்தான் முடிவு சொல்வாங்களாம்" என்றாள் மகள்.

என் பேச்சைக் கேட்டு முடிவெடுப்பது என்றால், முடிவு என்ன என்பது எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோருக்குமே தெரியும். மனைவியின் தம்பி மகள் நிச்சயதார்த்தத்தில், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த மாப்பிள்ளையிடம், "முடி ரொம்ப அடர்த்தியா இருக்கே, வாடகைக்கு எடுத்தீங்களா?" என்று கேட்டவன் நான். சும்மா தமாஷுக்குத்தான் கேட்டேன். அது நிஜமாகவே வாடகை முடி மாதிரி ஒன்றுதான் என்பது எனக்கு எப்படித் தெரியும்? மாப்பிள்ளை சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து போனார். அந்தக் கல்யாணத்தை மறுபடி ஒட்டவைக்க அவர்கள் பட்ட பாட்டில் எனக்கு இன்றுவரை அந்த வீட்டில் கோப்பி கிடையாது.

ஆகவே ஒரு வாரம் எனக்குப் பயிற்சி நடந்தது. "ஏங்க, அங்க வந்து வாயத் தொறந்தீங்கன்னா நான் அப்படியே பஸ் ஏறி ஈப்போவுக்கு எங்க அம்மா வீட்டுக்குப் போயிருவேன்" என்றாள் மனைவி. நான் தினமும் தேநீர் குடிக்கும் மாமாக் கடை பாய் இன்னும் சுருக்கமாகச் சொன்னார். "நீ போகாத. ஒன் சட்டைய மட்டும் அனுப்பி வையி. கல்யாணம் கண்டிப்பா நடந்துரும் லா."

அன்றைக்குச் சப்பாத்தெல்லாம் பாலிஷ் போட்டுக்கொண்டு காடியில் ஏறிப் போனோம். வழி முழுக்க நான் வாயைத் திறக்கவில்லை. முன்னால் போன காய்கறி லோரிக்காரன் சிக்னல் போடாமல் திரும்பியபோதுகூட ஒன்றும் சொல்லவில்லை. மனைவியே பயந்துபோய், "ஒடம்புக்கு முடியலையா?" என்று கேட்டாள்.

மாதா கோயில் சின்னதுதான். தகரக் கூரை. மழை அடித்த அடியில் நாலைந்து இடத்தில் ஒழுகியது. தரையில் அங்கங்கே வாளி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வாளியும் ஒவ்வொரு சத்தத்தில் டொக், டிங் என்று பேசிக்கொண்டிருந்தது. அங்கே நன்றாகப் பேசியது வாளிகள் மட்டும்தான். டீச்சர் ஒல்லியாக, நிமிர்ந்து, கண்ணாடி போட்டு, சிரிக்காத முகத்தோடு எதிரில் உட்கார்ந்திருந்தார். "மழை" என்றார். "ஆமா, மழை" என்றேன். "குளுரு" என்றார். "குளுருதான்" என்றேன். அதோடு பேச்சு படுத்துவிட்டது. பையன் நிலைமையைப் பார்த்து, கோப்பி கலக்கிக்கொண்டு வருகிறேன் என்று பின்னால் ஓடிவிட்டான். கெட்டிக்காரன்.

அப்போதுதான் டீச்சர் சட்டென்று எழுந்தார். கரும்பலகைக்குப் பின்னாலிருந்து ஒரு நீள ரோத்தானை எடுத்தார். எனக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ரோத்தானைப் பார்த்ததும் ஏழு வயதாகிவிட்டது. என் உள்ளங்கை தானாகப் போய்ச் சிலுவார் கால்சட்டையில் துடைத்துக்கொண்டது.

"இப்படி வாங்க" என்று எங்களைச் சுவரோரமாக அழைத்துப் போய், அங்கே தொங்கிய பெரிய படத்தை ரோத்தானால் காட்டினார். எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரத் துரை ஊருக்குத் திரும்பும்போது கோயிலுக்குக் கொடுத்துவிட்டுப் போனதாம். ஐரோப்பாவில் நானூறு வருடத்துக்கு முன்னால் வரைந்த பாணியைப் பார்த்து யாரோ வரைந்தது; வரைந்தவர் பேர் யாருக்கும் தெரியாது. "இந்தப் பாணிக்கு பரோக்னு பேரு" என்று சொல்லிவிட்டு, நேராக என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நீங்க சொல்லுங்கண்ணே. இதுல உங்களுக்கு என்ன தெரியுது?"

பரீட்சை! எனக்கு அப்படித்தான் தோன்றியது. பெண்ணுக்கு மதிப்பெண் போடுவதற்கு முன்னால் அப்பனுக்குப் போடுகிறார். மகளைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தேன்.

முக்கால்வாசி இருட்டு. எங்கள் ஃபேக்டரி மாடியில் பல்பெல்லாம் பியூஸ் போன மாதிரி. அந்த இருட்டுக்குள் ஒரு கூட்டம். விளக்கு ஒன்றும் காணவில்லை. ஆனால் நடுவிலிருந்து ஒரு வெளிச்சம் கிளம்பி எல்லார் முகத்திலும் அடிக்கிறது. ஒருத்தன் கண் கூசிக் கையால் மறைத்திருக்கிறான். ஒரு பொம்பளை தலையில் கூடை வைத்திருக்கிறாள். பின்னால் இருட்டில் ஒரு கிழவர் கம்பை ஊன்றிக்கொண்டு நிற்கிறார். முன்னால் ஒரு ஆள் மண்டிபோட்டிருக்கிறான். அவனுடைய பாதம் இரண்டும் நம் மூஞ்சிக்கு நேராக, சேறும் சகதியுமாக. அப்படியே தேயிலைக் காட்டிலிருந்து வந்த பாதம். அட்டை கடித்த அடையாளம் இருக்கிறதா என்றுகூடத் தேடினேன். அவன் பக்கத்தில், தரையில், வெள்ளையாக ஒரு ஆடு. நாலு காலையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

ஒவ்வொரு டிசம்பரிலும் ஊரெல்லாம் குடில் பார்க்கிறவன் நான். மாட்டுக் கொட்டகை, குழந்தை, இடையர்கள், எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் பயத்தில் இருக்கிறவனுக்குத் தெரிந்தது எதுவும் கைகொடுக்காது. நடுவிலிருந்த வெளிச்சம் எனக்குக் கற்பூரத் தட்டாகத் தெரிந்தது. கூடைக்காரி பொங்கல் சாமான் கொண்டுவருகிறாள். கம்பு ஊன்றியவர் பூசாரி. காலைக் கட்டிய ஆடு வேறு. என் வாய் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் திறந்துகொண்டது.

"நம்ம கெடா வெட்டு மாதிரியில்ல இருக்கு! ஆட்டுக்குத் தண்ணி தெளிச்சாச்சா?"

வாளிகள்கூட ஒரு நொடி நின்ற மாதிரி இருந்தது. என் முழங்கைக்கு மேலே மனைவி கிள்ளிய கிள்ளில் கண்ணில் தண்ணீர் வந்தது. கோப்பித் தட்டோடு வந்த பையன் வாசலிலேயே நின்றுவிட்டான். மகள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் மனசுக்குள் ஈப்போ பஸ் நேரத்தைக் கணக்குப் பார்த்தேன். மாமியார் வீட்டுக்கு இனி நாங்கள் மூன்று பேரும்தான் போக வேண்டும்.

"தண்ணியா?" என்றார் டீச்சர். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "எதுக்குத் தண்ணி?"

புத்தியுள்ளவன் இந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டிருப்பான். நான் விளக்கம் சொன்னேன். "அதுங்க டீச்சர், வெட்டுறதுக்கு முந்தி ஆட்டு மேல மஞ்சத் தண்ணி தெளிப்போம். தெளிச்சிட்டுக் காத்துக்கிட்டு நிப்போம். ஆடு ஒடம்ப ஒரு தடவ சிலுப்பணும். சிலுப்புனாத்தான் உத்தரவு. அதுக்கு முந்தி யாரும் கத்தியத் தொடமாட்டாங்க."

"சிலுப்பலைன்னா?"

"வெட்ட மாட்டோம். ஒரு வருஷம் அப்படித்தான், ஒரு ஆடு கல்லு மாதிரி நின்னுச்சு. தண்ணிய ஊத்துறோம், ஊத்துறோம், அது பாட்டுக்கு எங்களப் பாக்குது. பொழுது சாயுற வரைக்கும் நின்னோம். பூசாரிக்குக் காலு மரத்துப் போச்சு. கடைசியில அவுத்து விட்டுட்டோம். இன்னும் கோயில் பக்கத்துலதான் மேயுது. எங்க மேனேஜர் துரையவிட குண்டா இருக்கு."

"அப்ப, அதோட சம்மதம் இல்லாம..."

"கூடாதுங்க டீச்சர். சாமி வாங்கிக்காது."

டீச்சர் திரும்பிப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பரீட்சைப் பேப்பர் திருத்துகிற குரலில் சொன்னார். "ஆடு சரி. மத்ததெல்லாம் தப்பு."

எனக்குப் பாஸா பெயிலா என்று புரியவில்லை. அவர் ரோத்தானை ஆட்டின் மேல் வைத்தார். "இந்தப் படம் முழுக்கத் தேடுங்க. சுத்தமான வெள்ளை ரெண்டே எடத்துலதான் இருக்கு. ஒன்னு இந்த ஆடு." ரோத்தான் நேராக மேலே போனது. "இன்னொன்னு, குழந்தைக்குப் போர்த்தியிருக்கிற துணி. கெடா வெட்டுன்னீங்க, நடுவுல கற்பூரம்னு நெனச்சிருப்பீங்க. அது குழந்தை. வெளிச்சம் வர்றது அதுகிட்டேருந்துதான். ஆட்ட அதுக்கு நேர் கீழ வச்சு, ரெண்டு மேலயும் ஒரே வெளிச்சத்தப் போட்டிருக்கார் ஓவியர். எல்லாரும் பிறந்தநாள் கொண்டாட வந்திருக்காங்க. ஆனா இந்தப் பிள்ளை பின்னாடி என்ன ஆகப்போகுதுன்னு அவர் கீழேயே எழுதி வச்சுட்டார். பலியாகத்தான் போகுது. அதுவும் யாரும் பிடிச்சு இழுத்துட்டுப் போகல. இந்தப் பிள்ளை வளந்து அவராவே சம்மதிச்சுப் போனார்னுதான் எங்க நம்பிக்கை."

என் வாய், இந்தத் தடவை ரொம்பப் பணிவாக, "அப்ப தண்ணி தெளிச்சாச்சு" என்றது.

"தெளிச்சாச்சு" என்றார் டீச்சர்.

ஒரு விடை சரியாகிவிட்டால் போதும், எனக்குத் தலைகால் புரியாது. உடனே கம்பு வைத்த கிழவர் கங்காணி என்றேன். இல்லை, மாதாவின் கணவர் சூசையப்பர் என்றார். கண்ணை மறைக்கிறவனுக்குக் கண்வலி என்றேன். அவன் வெளிச்சத்தைத் தாங்க முடியாமல் மறைக்கிறான் என்றார். சேற்றுப் பாதக்காரன் கால் கழுவாமல் கோயிலுக்குள் வந்துவிட்டான், எங்கள் பூசாரியாக இருந்தால் விரட்டியிருப்பார் என்றேன். அவர் அதற்கும் கோபப்படவில்லை. அந்தப் பாதத்தில் ஆரம்பித்து, குனிந்த முதுகு வழியாக, நீட்டிய கை வழியாக, குழந்தை வரைக்கும் குறுக்காக ஒரு கோடு போட்டுக் காட்டினார். "நம்ம கண்ணு எங்கேருந்து நடக்க ஆரம்பிக்கணும்னு அவருக்குத் தெரியும். சேத்துலேருந்து ஆரம்பிச்சு வெளிச்சத்துக்குப் போகணும். அதான் அழுக்குக் கால முன்னாடி வச்சிருக்கார்." நான் இரண்டு தடவை என் கண்ணை அந்த வழியாக நடத்திப் பார்த்தேன். லோரி ஏற்றத்தில் ஏறுகிற மாதிரி சரியாகப் போய்ச் சேர்ந்தது.

"மூஞ்சிய விடுங்க" என்றார் பிறகு. "இந்த மாதிரிப் படத்துல மூஞ்சி பாதி இருட்டுலதான் இருக்கும். கையப் பாருங்க. சொல்ல வேண்டியத எல்லாம் கையிலதான் சொல்லியிருப்பாங்க. மாதாவோட கை எங்க இருக்குன்னு பாருங்க."

பார்த்தேன். குழந்தையின் துணி ஓரத்தை இரண்டு விரலால் பிடித்திருந்தது அந்தக் கை.

"துணிய வெலக்கி எல்லாருக்கும் காட்டுறாங்களா? இல்ல, இழுத்து மூடப் போறாங்களா? எத்தனையோ வருஷமா பாக்குறேன், எனக்கே தெரியல. காட்டவும் மனசு. மூடவும் மனசு."

அந்த இரண்டு விரலுக்குப் பக்கத்தில் ரோத்தானின் நுனி இருந்தது. அது ஆடிக்கொண்டிருந்தது. முதலில் காற்று என்று நினைத்தேன். கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. ரோத்தான் வழியாகவே கண்ணைக் கீழே இறக்கினேன். மறுமுனையில் டீச்சரின் கை, நடுங்கிக்கொண்டு.

இந்த அம்மாவா! முகத்தைப் பார்த்தால் ஒரு சுருக்கம் இல்லை. கை மட்டும் ஸ்டார்ட் பண்ணிய பழைய லோரி மாதிரி உதறுகிறது. ஒரே பிள்ளையை யாரோ ஒரு கெடா வெட்டுக்காரன் வீட்டுக்கு மாப்பிள்ளையாக அனுப்பவேண்டும். காட்டவும் மனசு, மூடவும் மனசு. என் மரமண்டைக்கே அது எட்டியது.

தமாஷ் ஒன்றும் வரவில்லை. "டீச்சர், ஒக்காருங்க" என்றேன். "ரோத்தான் ஆடுது."

அவர் ரோத்தானைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பெஞ்சில் உட்கார்ந்து, அதை மடியில் போட்டுக்கொண்டார். "நேத்து ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லண்ணே" என்றார் மெதுவாக. "என்ன பேசுறதுன்னே தெரியல. இந்தப் படத்துக்கு முன்னால நின்னாத்தான் எனக்குப் பேச்சு வரும். அதான் எழுப்பிக் கூட்டிட்டு வந்துட்டேன். உங்களப் பத்தி நெறையக் கேள்விப்பட்டேன். அந்த நிச்சயதார்த்தம், மாப்பிள்ளை முடி..."

என் மனைவி தலையில் கைவைத்தாள். அந்தக் கதை ரிங்லெட் வரைக்கும் வந்திருக்கிறது!

"காலையில என் பையன் தலைமுடியக்கூட ஒரு தடவ இழுத்துப் பாத்துட்டுத்தான் வந்தேன்" என்றார் டீச்சர்.

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. பையன்தான் தட்டை வைத்துவிட்டு, "ஆமா மாமா, ரொம்ப வலிச்சுது" என்றான். என் மகள் முதலில் சிரித்தாள். பிறகு கோயில் என்றுகூடப் பார்க்காமல் எல்லோரும் சிரித்தோம். டீச்சர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதில் சிரிப்பு எவ்வளவு, வேறு எவ்வளவு என்று நான் பார்க்கவில்லை.

பிறகு அவர் எழுந்து நின்று, இரண்டு கையையும் கோத்துக்கொண்டு, கேட்க வந்ததைக் கேட்டார். "பிள்ளைங்க இங்க சாமியார்கிட்ட மந்திரிச்சு மோதிரம் மாத்தட்டும். உங்க கோயில்ல வந்து தாலியும் கட்டட்டும். யாரும் யாரையும் மாத்த வேண்டாம். என் மனசு இதுதான். உங்களுக்குச் சம்மதமா?"

அவ்வளவு பெரிய கேள்விக்கு நல்லதாக நாலு வார்த்தை சொல்லவேண்டும் என்று நினைத்து, நான் ஒரு அடி பின்னால் நகர்ந்து, தொண்டையைச் செருமினேன். பின்னால் நகர்ந்ததுதான் தப்பு. கூரையில் வாளி வைக்காத ஓட்டை ஒன்று இருந்திருக்கிறது. நவம்பர் மழை, தகரத்தில் தங்கிக் குளிர்ந்த தண்ணீர், பொளக்கென்று என் பிடரியில் விழுந்து சட்டைக் காலருக்குள் இறங்கியது.

தலையிலிருந்து சப்பாத்து வரைக்கும் சிலுப்பினேன்.

"உத்தரவு குடுத்துட்டார்!" என்று கத்தினாள் என் மனைவி.

ஒரு வாரமாக என்னைப் பேசாதே என்று சொன்னவள், அந்தக் கோயிலின் தகரக் கூரை அதிரும்படி சொன்ன வார்த்தை அது. மகள் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். டீச்சர் ஒரு கையால் வாயை மூடிக்கொண்டு, இன்னொரு கையால் ரோத்தானை எடுத்துக் கரும்பலகைக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தார். "கோப்பி ஆறிரும், குடிங்க சம்பந்தி" என்றார்.

இரண்டு கோயிலிலும் கல்யாணம் நடந்தது. மாமாக் கடை பாய் வந்து, என் சட்டையைத் தடவிப் பார்த்து, "ஆளும் உள்ள இருக்கானே!" என்று ஆச்சரியப்பட்டுவிட்டுப் போனார். அடுத்த திருவிழாவுக்குச் சம்பந்தியம்மாவும் வந்தார். குடையைப் பிடித்துக்கொண்டு தூரமாகத்தான் நின்றார். நான் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க, பூசாரி மஞ்சள் தண்ணீரைத் தெளித்தார். எல்லோரும் ஆட்டைப் பார்த்தார்கள். சம்பந்தியம்மா என்னைப் பார்த்தார். அப்புறம் மெல்லத் தன் பிடரியைத் தொட்டுக் காட்டினார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பிடி நழுவி, ஆடு கூட்டத்துக்குள் புகுந்து ஓடி, முன்னே சிலுப்பாமல் தப்பித்த அந்தக் குண்டு ஆட்டோடு போய்ச் சேர்ந்து நின்றது. அதைத் திருப்பிப் பிடித்துவர யாருக்கும் மனசு வரவில்லை. இப்போது அங்கே இரண்டு ஆடு மேய்கிறது.

எனக்குப் பயம் மட்டும் இன்னும் போகவில்லை. முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு யார் எதிரில் வந்து நின்றாலும் என் உள்ளங்கை தானாகச் சிலுவாரைத் தேடத்தான் செய்கிறது. ஆனால் இப்போதெல்லாம் மூஞ்சியை விட்டுவிட்டு முதலில் அவர்களுடைய கையைப் பார்க்கிறேன். அனேகமாக அதுவும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது.